பெட்டரி இல்லாத தீப்பொறி

எங்கள் தோட்டத்தில் நீர் இறைக்கும் சிறிய பெட்ரோல் இயந்திரத்துக்குப் பெட்டரி கிடையாது. வீட்டிலிருந்து அதற்கு எந்த வயரும் போவதில்லை. வாப்பா கயிற்றை ஒரு தடவை, சில நாட்களில் ஐந்தாறு தடவை, வேகமாக இழுப்பார். அது உறுமிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். உள்ளே பெட்ரோல் எரிய வேண்டுமானால் தீப்பொறி வேண்டும், தீப்பொறிக்கு மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் ரொபர்ட் பொஷ். துளையிடும் மெசினிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டரியின்றித் தீப்பொறி தரும் மெக்னீட்டோ என்ற கருவியைக் கண்டுபிடித்தவர் பொஷ் அல்லர். காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றுக்கொன்று சார்பாக அசைந்தால் கம்பியில் மின் பிறக்கும் என்பதை 1831 இலேயே மைக்கல் பரடே காட்டிவிட்டார். அதை வைத்து எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் கருவியை நிக்கொலஸ் ஓட்டோவின் டொய்ட்ஸ் தொழிற்சாலை பொஷ்ஷுக்கு முன்னரே செய்திருந்தது. அப்படியிருந்தும் உலகம் மெக்னீட்டோவை பொஷ்ஷின் பெயரோடு சேர்த்தே நினைக்கிறது. அது எப்படி என்பதுதான் எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதி.

1861 செப்டம்பர் 23 ஆம் திகதி தென் ஜேர்மனியின் உல்ம் நகருக்கு அண்மையிலுள்ள அல்பெக் கிராமத்தில் அவர் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது பிள்ளை. தந்தை செர்வாட்டியஸ் பொஷ் விவசாயி, பிரயாணிகள் தங்கிச் செல்லும் விடுதி ஒன்றையும் நடத்தி வந்தார். ரயில் பாதை வந்ததும் குதிரை வண்டிகளில் வருவோர் குறைவார்கள் என்று கண்டு விடுதியை விற்றுவிட்டு 1869 இல் குடும்பத்தோடு உல்முக்குக் குடிபெயர்ந்தார். ஒரு புதிய இயந்திரம் வந்து ஒரு குடும்பத்தின் தொழிலை மாற்றியதை ரொபர்ட் எட்டு வயதிலேயே பார்த்துவிட்டார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. செடிகொடிகளிலும் பிராணிகளிலும்தான் ஆசை. நுண்கருவிகள் செய்யும் தொழிலைப் பழகுகிறாயா என்று தந்தை கேட்டபோது சம்மதித்ததற்குப் பெரிய காரணம், படிப்பிலிருந்து தப்பிவிடலாம் என்பதுதான். ஆனால் உல்மில் அவர் தொழில் பழகிய பட்டறையும் நன்றாக அமையவில்லை. முதலாளி பட்டறைப் பக்கம் வருவதே அரிது. பழக வந்த பையன்களுக்கு ஒழுங்காக எதையும் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. இந்த மனக்குறை அவரிடம் கடைசிவரை இருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் 1913 இல் தன் தொழிற்சாலையில் இளைஞர்களுக்குத் தொழில் கற்பிப்பதற்கென்றே தனியாக ஒரு பிரிவைத் தொடங்கினார்.

அதன் பிறகு அவர் பல ஊர்ப் பட்டறைகளில் வேலை செய்தார். ஸ்டுட்கார்ட்டின் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் அரை வருடம் மட்டும் விரிவுரைகளுக்குச் சென்றார். பட்டம் எதுவும் பெறவில்லை. கையால் மட்டும் தெரிந்திருந்த விடயங்களின் பெயர்களும் காரணங்களும் அங்கேதான் அவருக்கு விளங்கின. 1884 இல் நியூயோர்க்குக்குக் கப்பலேறி எடிசனின் தொழிற்சாலையில் வேலை செய்தார். பின்னர் இங்கிலாந்தில் சீமென்ஸ் சகோதரர்களின் தொழிற்சாலை. அங்கிருந்து நாடு திரும்பி, 1886 நவம்பர் 15 ஆம் திகதி ஸ்டுட்கார்ட்டில் சொந்தப் பட்டறையைத் திறந்தார். அப்போது வயது 25. தந்தை விட்டுச்சென்ற சொத்திலிருந்து கிடைத்த பணம், ஒரு தொழிலாளி, எடுபிடி வேலைக்கு ஒரு பையன். அவ்வளவுதான்.

தொலைபேசி பொருத்துவது, மின்சார மணி கட்டுவது, இடிதாங்கி அமைப்பது என்று எந்த வேலை வந்தாலும் செய்தார்கள். பல வருடங்கள் கடனும் கவலையுமாகவே போயின. வாடிக்கையாளரிடம் போய்வர அவர் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் அதுவே ஊரார் திரும்பிப் பார்க்கும் காட்சி.

1887 இல் ஒரு சிறிய இயந்திர உற்பத்தியாளர் பட்டறைக்கு வந்தார். டொய்ட்ஸ் எஞ்சின் ஒன்றில் பொறி கொடுக்கும் கருவியைப் பார்த்ததாகவும், அதைப்போல் தனக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்றும் கேட்டார். பொஷ் உடனே சரி என்று சொல்லவில்லை. ஷோர்ன்டோர்ஃப் என்ற ஊருக்குப் போய் அப்படிப்பட்ட எஞ்சினைக் கண்ணால் பார்த்தார். அதற்குக் காப்புரிமை இருக்கிறதா என்று டொய்ட்ஸ் தொழிற்சாலைக்கு எழுதி விசாரித்தார். தடையில்லை என்று தெரிந்த பிறகுதான் செய்யத் தொடங்கினார். பிறருடைய பொருளை எடுக்கிறோமா என்று முதலில் கேட்டுப் பார்ப்பது சிறிய விடயம் போலத் தோன்றும். கடன்பட்டிருக்கும் 26 வயது இளைஞருக்கு அது சிறிய விடயமாக இருந்திருக்காது.

அந்தப் பழைய மெக்னீட்டோ எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். குதிரை லாட வடிவக் காந்தங்களின் இரு முனைகளுக்கு நடுவே, கம்பி சுற்றிய ஓர் இரும்புத் துண்டு இருக்கும். இரண்டு பக்கமும் தலை விரிந்த அந்த இரும்பைக் குறுக்கே வெட்டினால் ஆங்கில எழுத்து டி இரண்டை அடியோடு அடி ஒட்டியது போலத் தெரியும். எஞ்சின் அதை ஒரு நெம்புகோலால் இழுத்து விடும், வில் அதைச் சடக்கென்று திருப்பி அடிக்கும். அந்தக் கணத்தில் இரும்பினூடாகப் போகும் காந்தப் பாயம் மாறுகிறது, கம்பியில் மின்னோட்டம் ஓடுகிறது. சரியாக அதே நேரத்தில் எஞ்சின் உருளைக்குள் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகள் பிரிக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் திடீரென்று பிரித்தால் பொறி பறக்கும். அயன் பொக்ஸ் சூடாகிக்கொண்டிருக்கும்போது யாராவது பிளக்கை இழுத்துவிட்டால் நீல நிறத்தில் பளிச்சென்று தெரியுமே, அதே காரணம்தான்.

ஓரிடத்தில் நின்று மெதுவாக ஓடும் எஞ்சின்களுக்கு இது போதுமாக இருந்தது. பட்டறை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. 1896 இல் ஆயிரமாவது மெக்னீட்டோ வெளியே போனது.

அடுத்த வருடம் பிரெட்ரிக் சிம்ஸ் என்ற வர்த்தகர், டி டியோன் பூட்டோன் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றுக்கு மெக்னீட்டோ பொருத்தித் தரும்படி கேட்டார். அந்தச் சின்ன எஞ்சின் நிமிடத்துக்கு 1800 தடவை வரை சுழலக்கூடியது. நான்கு அடிப்பு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி என்றால் நிமிடத்துக்கு 900 பொறி, செக்கனுக்கு 15. வில்லால் அடிக்கும் கனமான இரும்புக்கு அந்த வேகம் எப்படி வரும்? பட்டறையின் மேற்பார்வையாளர் ஆர்னோல்ட் ஸேரிங்கர் இதற்கு வழி கண்டார். கம்பி சுற்றிய கனமான இரும்பை அசையாமல் வைத்துவிட்டு, அதற்கும் காந்தத்துக்கும் நடுவில் இலேசான ஓர் இரும்பு உறையை மட்டும் அசைய விட்டார். காந்தப் பாயத்தை மாற்ற எல்லாவற்றையும் ஆட்டத் தேவையில்லை, பாதையில் நிற்கும் ஒன்றை ஆட்டினாலே போதும். எங்கள் பௌதிகவியல் பயிற்சிகளில் இப்படி ஒரு விடை வந்தால் நான் ஒரு நாள் முழுவதும் சந்தோஷமாக இருப்பேன்.

இப்படித்தான் மெக்னீட்டோ வாகனத்தில் ஏறியது. அதுவரை பல மோட்டார் வண்டிகளில் பர்னர் சுவாலையால் செந்நிறமாகச் சூடாக்கிய குழாய்தான் பெட்ரோலைப் பற்றவைத்தது. திறந்த நெருப்போடு பெட்ரோல் வண்டி! 1900 இல் செப்பலின் பிரபுவின் முதல் வான்கப்பல் பறந்தபோது அதன் எஞ்சின்களில் பொஷ் மெக்னீட்டோ இருந்தது. மேலே ஐதரசன் நிரம்பிய பெரும் பை இருக்கும்போது கீழே சுவாலை எரிய விட முடியாதல்லவா?

ஆனாலும் உருளைக்குள் முனைகளைப் பிரிக்கும் கம்பிகளும் நெம்புகோல்களும் தேய்ந்தன, உடைந்தன. அவை இல்லாமலே பொறி வேண்டும். இந்த வேலையை பொஷ் கொட்லோப் ஹொனோல்ட் என்ற இளம் பொறியியலாளரிடம் கொடுத்தார். ஹொனோல்ட் சிறு வயதில் இதே பட்டறையில் தொழில் பழகியவர். பிறகு படிக்கப் போய், 1901 இல் திரும்பி வந்திருந்தார். சில மாதங்களில் அவர் செய்து காட்டியதைத்தான் இன்றைக்கும் எங்கள் தோட்டத்து இயந்திரம் செய்கிறது. ஆகவே அதை வைத்தே விளக்குகிறேன்.

கயிற்றை இழுக்கும்போது உள்ளே ஒரு கனமான சில்லு சுற்றுகிறது. அதன் விளிம்பில் காந்தம் பதித்திருக்கும். சில்லுக்குப் பக்கத்தில், ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளி விட்டு, இரும்புத் தகடுகளின் மேல் சுற்றிய சுருள் நிற்கிறது. கராஜில் இருக்கும் என் மாமா அந்த இடைவெளியை உண்மையாகவே ஒரு கார்டை வைத்துத்தான் சரி பார்ப்பார். அந்த ஒரு இரும்பில் இரண்டு சுருள்கள் உள்ளன. முதலாவது தடித்த கம்பி, குறைந்த சுற்று. இரண்டாவது தலைமயிர் போன்ற மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. காந்தம் கடக்கும்போது முதல் சுருளில் மின்னோட்டம் ஓடுகிறது. அது உச்சத்துக்கு வரும் நேரத்தில், பொயின்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் சிறிய தொடுகை திறந்து சுற்றை வெட்டிவிடுகிறது. பொயின்டில் பொறி பறந்து வீணாகாதபடி ஒரு கொள்ளளவி பக்கத்தில் இருக்கிறது. திடீரென்று மின்னோட்டம் நின்றதும் இரும்பிலுள்ள காந்தப் பாயம் சரிகிறது. எவ்வளவு வேகமாகப் பாயம் மாறுகிறதோ, எத்தனை சுற்று இருக்கிறதோ, அவ்வளவுக்கு மின்னழுத்தம் கூடும் என்பது பரடேயின் விதி. மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழுகிறது. அது பிளக்கின் முனைகளுக்கு இடையிலுள்ள ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னர் இது நடந்துவிடும்.

ஹொனோல்டின் கருவியில் கம்பிச்சுருள் சுழன்றது, காந்தம் நின்றது. இன்றைய சிறிய எஞ்சின்களில் காந்தம் சுழல்கிறது, சுருள் நிற்கிறது. பொயின்டின் வேலையை இப்போது பெரும்பாலும் ஓர் இலத்திரனியல் துண்டு செய்கிறது. மற்றபடி விடயம் ஒன்றுதான். கயிற்றை மெதுவாக இழுத்தால் இயந்திரம் ஏன் புறப்படுவதில்லை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. பாயம் மெதுவாக மாறினால் வோல்ட் ஏறாது. நிறுத்தும் சுவிட்சும் வேடிக்கையானது. வீட்டுச் சுவிட்ச் சுற்றைத் திறந்து நிறுத்துகிறது. இதுவோ முதல் சுருளை எஞ்சினின் உடலோடு இணைத்து நிறுத்துகிறது. பொயின்ட் திறந்தாலும் மின்னோட்டத்துக்கு வேறு பாதை இருப்பதால் பொறி பிறப்பதில்லை. இயந்திரம் ஓடும்போது பிளக் வயரைத் தொட்டுப் பார்க்க மட்டும் யாரும் போக வேண்டாம்.

நான் இவற்றைப் பேசும்போது, பெண் பிள்ளைக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்கும் உறவினர்களும் உண்டு. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று உம்மா எனக்காகச் சொல்லிவிடுவார்.

1902 க்குப் பிறகு பொஷ்ஷின் வளர்ச்சி மிக வேகமானது. 1906 இல் ஒரு இலட்சமாவது மெக்னீட்டோ முடிந்தது. அதே வருடம் தன் தொழிலாளருக்கு அவர் எட்டு மணி நேர வேலை நாளை அறிவித்தார். ஜேர்மனியில் மற்றவர்கள் இன்னும் அதிக நேரம் வேலை வாங்கிய காலம் அது. மற்ற முதலாளிமார் கோபப்பட்டு அவரைச் சிவப்பு பொஷ் என்று அழைத்தார்கள். களைத்த கையால் நல்ல கருவி வராது என்ற கணக்கும் அவரிடம் இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. சிக்கனத்திலும் கடுமையானவர். தரையில் கிடந்த பேப்பர் கிளிப் ஒன்றை எடுத்து, இது என் பணம் என்று பக்கத்தில் இருந்தவருக்கு உணர்த்தியதாக ஒரு கதை சொல்வார்கள். கிளிப்புக்குக் கணக்குப் பார்த்த அதே மனிதர் 1910 இல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்ப உயர்கல்லூரிக்குப் பத்து இலட்சம் மார்க் கொடுத்தார். அவர் அரை வருடம் படித்த இடம் அது. எல்லாம் இனிமையாகவும் இருக்கவில்லை. 1913 இல் அவருடைய தொழிலாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். மனம் நொந்துபோன பொஷ், அதுவரை விலகி நின்ற முதலாளிமார் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். இந்த இடத்தில் நான் அவர் பக்கம் இல்லை. நல்லது செய்தவருக்கு எதிராகக் கேள்வி கேட்கக்கூடாது என்று இல்லையே.

1914 இல் உலகப் போர் வந்தது. அதுவரை பிரித்தானியாவின் வாகனங்களுக்கும் விமானங்களுக்கும் தேவையான மெக்னீட்டோக்களில் பெரும்பகுதி ஸ்டுட்கார்ட்டிலிருந்துதான் போனது. போர் தொடங்கியதும் அங்கே அவசர அவசரமாகச் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார்கள். பொஷ் உருவாக்கிய பொறி இரு தரப்பு லொறிகளிலும் விமானங்களிலும் எரிந்தது. நாடு நாடாக விற்று வாழ்ந்த அவர் போரை வெறுத்தார். ஆனால் தொழிற்சாலை போருக்காக இயங்கியது, இலாபமும் குவிந்தது. தொழிற்சாலையின் ஒரு பகுதியைக் காயமடைந்தவர்களுக்கான வைத்தியசாலையாக மாற்றினார். போரால் வந்த இலாபத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ள மனமில்லாமல், நெக்கார் ஆற்றைக் கப்பல் போக்குவரத்துக்கு ஏற்றதாக்கும் திட்டத்துக்கும் வேறு பொதுக் காரியங்களுக்கும் கோடிக்கணக்கில் கொடுத்தார்.

கொடுத்துவிட்டால் அந்தப் பணத்தின் கறை போய்விடுமா என்று நான் பலமுறை யோசித்தேன். போகாது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் கறை இருக்கிறது என்று கண்டுகொண்டவர்களே அன்று மிகச் சிலர்.

1918 இல் ஹொனோல்ட் நிறுவனத்துக்கு ஓர் அடையாளம் வரைந்தார். வட்டத்துக்குள் மெக்னீட்டோவின் அந்த இரட்டை டி இரும்பு. உங்கள் வீட்டில் பொஷ் மெசின் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதே குறி இன்னும் இருக்கிறது. ஹொனோல்ட் 1923 இல் காலமானார். அதற்கு முன் 1921 இல், தொழிலைப் பொறுப்பேற்பான் என்று பொஷ் நம்பியிருந்த மகன் ரொபர்ட் நீண்டகால நோயால் இறந்துபோனார். முதல் திருமணமும் முறிந்தது. ஊருக்கெல்லாம் வேலை கொடுத்தவருடைய வீடு வெறுமையாகக் கிடந்த வருடங்கள் அவை. பிறகு மறுமணம் செய்து, அறுபது வயதுக்கு மேல் மீண்டும் ஒரு மகனுக்கும் மகளுக்கும் தந்தையானார்.

பிரான்ஸும் ஜேர்மனியும் சமாதானமாக வேண்டும் என்று முயன்றவர்களுக்கு அவர் துணை நின்றார். அது நடக்கவில்லை. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எழுதுவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. பொஷ் அந்த ஆட்சியை விரும்பவில்லை. அவருடைய நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் வால்ஸும் நண்பர்களும் துன்புறுத்தப்பட்ட யூதர்களுக்கு இரகசியமாகப் பண உதவி செய்து பலரைத் தப்பிக்க வைத்தார்கள். அதற்காக 1969 இல் வால்ஸ் கௌரவிக்கப்பட்டார். ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்து பின்னர் கொல்லப்பட்ட கார்ல் கோர்டெலருக்கு ஆலோசகர் என்ற பெயரில் வேலை கொடுத்து ஆதரித்ததும் இதே நிறுவனம்தான். இன்னொரு பக்கத்தில் இதே நிறுவனம் ஹிட்லரின் படைகளுக்குக் கருவிகள் செய்து கொடுத்தது. போர்க்காலம் முழுவதும் சுமார் 20,000 பேர் அங்கே கட்டாய வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். எட்டு மணி நேர நாளைத் தந்தவரின் தொழிற்சாலையில், தங்கள் விருப்பமின்றிக் கொண்டுவரப்பட்ட மனிதர்கள். சில கட்டுரைகள் முதல் பக்கத்தை மட்டும் எழுதுகின்றன, சில இரண்டாவதை மட்டும். இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது அவரைப் பற்றி ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை.

1942 மார்ச் 12 ஆம் திகதி, 80 வயதில், ஸ்டுட்கார்ட்டில் பொஷ் காலமானார். அவர் விரும்பாத அதே அரசு அவருக்கு அரச மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. மறுத்துச் சொல்ல அவரால் முடியாதே.

நிறுவனத்தின் இலாபம் பொது நன்மைக்குப் போக வேண்டும் என்பது அவர் எழுதி வைத்த விருப்பம். 1964 இலிருந்து அதன் பங்குகளில் பெரும்பகுதி அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. 1940 இல் அவர் ஸ்டுட்கார்ட்டில் திறந்து வைத்த வைத்தியசாலையை இன்று அந்த அறக்கட்டளைதான் நடத்தி வருகிறது.